இடது காலில் இருந்த கல்

நாளைக் காலையில் உங்கள் கையில் ஆளுக்கொரு சங்கிலியைக் கொடுப்பார்கள். அதன் மறுமுனையில் ஒரு நாய் இருக்கும். சங்கிலியை எப்படிப் பிடிப்பது, எப்போது அதட்டுவது, எப்போது தட்டிக் கொடுப்பது என்பதையெல்லாம் மேஸ்திரி சொல்லித் தருவார். அதெல்லாம் பழகப் பழக வந்துவிடும். புதிதாக வந்திருக்கும் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "நீ பழைய ஆளாச்சே தனம், புதுசா சேர்ந்தவங்களுக்கு ரெண்டு வார்த்தை சொல்லும்மா" என்றார். நேரில் பேசினால் கத்திவிடுவேன் என்று பயமாக இருக்கிறது. அதனால் எழுதித் தருகிறேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விஷயம் கோணல் இல்லை.

நான் இந்தக் கொட்டடியில் நாய்களுக்குச் சமைக்கிறவள். ஜப்பான்காரன் சண்டைக் காலத்தில் ஆவடியில் ராணுவக் கிடங்குகள் வந்தன. கிடங்குக்குக் காவல் நாய் வேண்டியிருந்தது. நாய்களை வளர்த்துப் பழக்கிக் கொடுக்க ஒரு கன்ட்ராக்டர் இந்தக் கொட்டடியைப் போட்டார். சேக்காட்டிலிருந்து நானும் என் அண்ணன் ஏழுமலையும் ஒன்றாக வந்து வேலை கேட்டோம். எனக்குச் சமையல் கொட்டகை, அவனுக்குச் சங்கிலி. அப்பா அம்மா இல்லாத எங்களுக்கு அது பெரிய வேலை.

அண்ணன் இப்போது இல்லை. அதையும் சொல்லத்தான் போகிறேன்.

அப்போது இருந்த பழைய மேனேஜருக்கு ஒரு சட்டம் இருந்தது. நாய் நொண்டினால் அதை வைத்திருப்பவன் அடித்திருக்கிறான். அவ்வளவுதான், வேறு பேச்சே கிடையாது. முள் குத்தியிருக்கலாம், பள்ளத்தில் கால் மடங்கியிருக்கலாம், பிறவியிலேயே ஊனம் இருக்கலாம். எதையும் கேட்க மாட்டார். "வாயில்லா ஜீவன் எப்படிப் புகார் சொல்லும்? நொண்டித்தான் சொல்லும்" என்பார். கேட்க நன்றாகத்தான் இருக்கும். வந்துபோகிற ராணுவ அதிகாரிகள் தலையாட்டுவார்கள். ஆனால் அந்தச் சட்டம் என்ன செய்தது தெரியுமா? நாய்க்காரர்கள் எல்லோரையும் நொண்டலை மறைக்கக் கற்றுக்கொள்ள வைத்தது. மேனேஜர் எதிரே வந்தால் நொண்டுகிற நாயை நடக்க விடக் கூடாது, ஓட்ட வேண்டும். ஓடினால் லேசான நொண்டல் கண்ணுக்குத் தெரியாது. வலிக்கிற காலோடு ஓட விடுவார்கள். யார் மேல் கோபப்படுவது? பயந்தவன் மேலா, பயமுறுத்தியவன் மேலா?

அண்ணனுக்குக் கொடுத்தது ஓர் அல்சேஷன் பெட்டைக்குட்டி. காது இரண்டும் முழுதாக நிமிராத வயது. ஒரு காது நிற்கும், ஒன்று தொங்கும். கொட்டடி வழக்கப்படி அதற்கு ஒரு நம்பர் இருந்தது. அண்ணன் சிட்டு என்று கூப்பிட்டான். அதற்கு அந்தப் பெயர்தான் காதில் ஏறியது.

சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. நம் கொட்டடியின் பெருமையே சாப்பாடுதான். எலும்பு துளிகூட இல்லாத துண்டுக் கறி, வேகவைத்து, கொஞ்சம் சோறு பிசைந்து. எலும்பையெல்லாம் கறிக்கடையிலேயே பிரித்து, எலும்பு அரைக்கிற மில்லுக்கு வண்டியில் அனுப்பிவிடுவார்கள். கொட்டடிக்கு வருவது வெறும் கறி. பார்க்க வருகிறவர்களை மேனேஜர் முதலில் என் அடுப்பண்டைதான் கூட்டி வருவார். மூடியைத் திறந்து காட்டச் சொல்வார். ஊரில் அரிசிக்கு ரேஷன் கடையில் வரிசையில் நின்ற காலம் அது. சேக்காட்டில் என் பக்கத்து வீட்டு ராஜம்மா வரிசையில் நின்றுகொண்டு எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி சொன்னாள்:

"ஏம்மே தனம், அடுத்த சென்மத்துல உங்க கொட்டடியில நாயா பொறக்கணும்னு மாங்காட்டம்மனாண்ட வேண்டிகினு கீறேன். நீதான் ஆக்கிப் போடணும்."

வரிசையே சிரித்தது. நானும் சிரித்தேன். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

ஒரு நாள் சிட்டு வலது முன்காலைத் தூக்கித் தூக்கி வைத்தாள். அண்ணன் அவளைத் திருப்பிப் போட்டு, விரல் இடுக்கு, நகக்கண், உள்ளங்கால் எல்லாம் தடவிப் பார்த்தான். ஒன்றுமில்லை. அடுத்தநாள் அந்தக் காலை நன்றாக ஊன்றினாள், பின்னங்காலை இழுத்தாள். அதற்குப் பிறகு மறுபடியும் முன்கால்.

"காலு மாத்தி மாத்தி நொண்டுது தங்கச்சி. இன்னான்னே பிரியல" என்றான்.

பக்கத்தில் நாய் கழுவிக்கொண்டிருந்த ஒருவன், "நடிக்குது மச்சான். நடக்க சோம்பேறித்தனம். துண்டுக் கறி துன்னுட்டு எவன் நடப்பான்?" என்றான்.

இப்படி யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். நடித்து என்ன சம்பாதிக்கப் போகிறது ஒரு குட்டி? அண்ணன் நம்பவில்லை. நடையைக் குறைத்து, நிழலில் கிடத்தி வைத்தான். தூக்கிக் கிடத்தும்போது அவள் வீலென்று கத்தியதுதான் வம்பாகப் போயிற்று. மேனேஜர் வந்து நின்றார்.

"அடிச்சியா?"

"இல்ல சார். தொட்டாலே கத்துது சார்."

"தொட்டா எந்த நாயாவது கத்துமா? பரேடுக்கு மிலிட்டரி தொரைங்க வராங்க. அன்னிக்கு இது நேரா நடக்கணும். நடக்கலைன்னா குட்டிய சுட்டுடுவாங்க. நீ ஊட்டுக்குப் போயிடலாம்."

இவ்வளவுதான் விசாரணை. குட்டியின் உயிரும் என் அண்ணன் வேலையும் ஒரே சங்கிலியில் கட்டப்பட்டுவிட்டன.

அப்போது அண்ணனோடு வேலை செய்தவர்களில் கோவிந்தன் என்று ஒருவர் இருந்தார். பூந்தமல்லியில் ஜட்கா ஓட்டியவர். புல்லு விலை ஏறிக் குதிரையை விற்றுவிட்டு இங்கே வந்தார். அண்ணன் அவரை மாமே என்றுதான் கூப்பிடுவான். பரேடு அன்று காலை நான் சாப்பாட்டு வாளியோடு போகிறேன், கோவிந்தன் சிட்டுவின் முன்னால் குந்திக்கொண்டு அவள் இடது முன்காலில் என்னவோ செய்துகொண்டிருக்கிறார். அது அவள் நொண்டாத கால்.

"இன்னா மாமே பண்றே?" என்று அண்ணன் கேட்டான்.

"கம்முனு கெட நைனா. குதிரைக்குப் பண்றதுதான். வலது காலு வலிச்சா இடது காலு லாடத்துக்கு அடியில ஒரு கல்லு வெச்சிடுவோம். ரெண்டு பக்கமும் வலிச்சா எந்தப் பக்கம் சாயும்? நேரா நடக்கும். சந்தையில வாங்க வர்றவனுக்கு ஒண்ணியும் தெரியாது."

"வாணாம் மாமே. பாவம்."

"சுட்டாங்கன்னா அது பாவம் இல்லியா? ஒரு ரவுண்டு. முடிஞ்சதும் நானே புடுங்கிடறேன்."

விரல் இடுக்கில் ஒரு சின்னக் கூழாங்கல். விழாமலிருக்க, ஒட்டிக்கொள்ளக் கொஞ்சம் தார்க் கீல். அண்ணன் அதை எடுக்கக் குனிந்தான். அதற்குள் விசில் ஊதிவிட்டார்கள்.

சிட்டு நேராகத்தான் நடந்தாள். கோவிந்தன் பொய் சொல்லவில்லை, வித்தை வித்தைதான். ஆனால் நெருப்பில் கால் வைத்த மாதிரி குட்டிக் குட்டியாக அடி வைத்தாள். ஒரு துரை ஏதோ சொன்னார். மேனேஜர் ஓடிவந்து, காலைத் தூக்கிப் பார்த்து, கல்லைப் பிடுங்கி எல்லோரும் பார்க்க உயர்த்திக் காட்டினார்.

"இதோ. இதனாலதான் நொண்டியிருக்கு. இவ்ளோ நாளா கல்லு வெச்சு வாட்டியிருக்கான்."

அவர் முகத்தில் இருந்த திருப்தியை நான் மறக்க மாட்டேன். காரணம் கையில் கிடைத்துவிட்டது. கையில் கிடைத்த பிறகு யார் தேடுவார்கள்? கல் இருந்தது இடது காலில். குட்டி தூக்கித் தூக்கி வைத்தது வலது காலை. ஒருவருக்குக்கூட அது உறைக்கவில்லை. கல்லை எடுத்தபிறகும், திரும்பிப் போகும்போது, எல்லோர் கண் முன்னாலும் வலது காலைத்தான் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டு போனாள். "பழக்க தோஷம், சரியாயிடும்" என்றார் மேனேஜர்.

அண்ணனை அங்கேயே, அத்தனை பேர் முன்னால், வெளியே போகச் சொன்னார். அண்ணன் வாயைத் திறக்கவில்லை. கோவிந்தன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் வாளியைக் கீழே வைத்துவிட்டு முன்னால் வந்தேன். அண்ணன் என்னைப் பார்த்து முறைத்தான். சின்ன வயதில் நான் பொய்ச் சத்தியம் பண்ணும்போது முறைப்பானே, அதே முறைப்பு. நின்றுவிட்டேன்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு நடக்கும்போது கேட்டேன்.

"ஏன் சொல்லல? கோவிந்தன்தான் வெச்சாருன்னு ஏன் சொல்லல?"

"அந்தாளுக்கு நாலு புள்ளைங்க கீது தனம். எனுக்கு நீ ஒருத்திதான். நீ சம்பாரிச்சு எனுக்குச் சோறு போட மாட்டியா?"

"போட மாட்டேன், போ."

"கய்தே" என்று தலையில் தட்டிவிட்டுச் சிரித்தான்.

அவன் மேல் எனக்கு இன்னும் கோபம்தான். செத்தவர்களைக் கோபித்துக்கொள்ளக் கூடாது என்கிறார்கள். நல்லவனாக இருப்பதற்கு ஓர் அளவு வேண்டாமா? அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், கல் ஏன் இடது காலில் இருந்தது என்றாவது யாராவது யோசித்திருப்பார்கள். வலது காலில் என்ன என்று தேடியிருப்பார்கள். அவன் தன்னை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை, அந்தக் குட்டியின் வலியையும் சேர்த்து விட்டுக்கொடுத்துவிட்டான்.

அதற்குப் பிறகு, சரக்கு ரயில் நிற்கிற சைடிங்கில் ராணுவத்துக்கு வந்த மரக்கட்டைகளை இறக்குகிற வேலைக்குப் போனான். ஒரு மழைநாளில் கட்டை அடுக்கு சரிந்தது. வேறு எதுவும் எழுத எனக்கு வராது.

சாவு வீட்டில் நான் சுவரோரமாக உட்கார்ந்திருந்தேன். ராஜம்மா பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். மெதுவாகத்தான் சொன்னாள், ஆனால் எனக்குக் கேட்டது.

"வாயில்லா ஜீவன வதைச்சானாமே. அது சும்மா வுடுமா? கேட்ருச்சு."

என் அண்ணன் கொட்டடியில் சோறு பிசைந்த கையை முகர்ந்து பார்த்துக்கொண்டே தெருநாய்கள் எல்லாம் அவன் பின்னால் வரும். அவற்றை ஒருநாளும் காலால் தள்ளியதில்லை. அவன் சாவுக்கு ஊர் கண்டுபிடித்த காரணம் இது! அதுவும் இடது காலில் கிடைத்த கல் மாதிரிதான். கையில் கிடைத்தது, போதும் என்று எடுத்துக்கொண்டார்கள்.

காரியம் முடிந்து நான் வேலைக்குத் திரும்பியபோது சிட்டு கோவிந்தனிடம் இருந்தாள். நொண்டல் போகவில்லை, அதிகமாகியிருந்தது. விரல்கள் விரிந்து, பாதம் தட்டையாகப் பரவியிருந்தது. கூடவே இன்னும் மூன்று குட்டிகள் நொண்டின. வேறு வேறு ஆட்கள் வைத்திருந்தவை. அத்தனை பேரையும் வெளியே அனுப்பினால் சங்கிலி பிடிக்க ஆள் வேண்டாமா? அப்போதுதான் மேனேஜருக்கு டாக்டர் என்று ஒருவர் இருப்பது நினைவுக்கு வந்தது. என் அண்ணன் ஒருவனாக இருந்தபோது அந்த நினைவு வரவில்லை.

வந்தவர் மாட்டு டாக்டர். வயது குறைவு, சைக்கிளில் வந்தார். அவர் செய்ததைக் கவனமாகக் கேளுங்கள், ஏனென்றால் எனக்கு இந்த வேலை என்னவென்று அன்றுதான் புரிந்தது. அவர் வந்ததும் காலைத் தூக்கிப் பார்க்கவில்லை. நாலு குட்டிகளையும் மெதுவாக நடத்திவரச் சொல்லி, சும்மா நின்று பார்த்தார். பயத்தில் கோவிந்தன் பழக்கப்படி சிட்டுவை ஓட்ட ஆரம்பித்தார். "ஓட்டாதீங்க. நொண்டட்டும். நான் பார்க்க வந்ததே அதைத்தான்" என்றார். அந்தக் கொட்டடியில் ஒரு நாயை நொண்டவிட்ட முதல் ஆள் அவர்தான்.

பிறகு சிட்டுவின் கால் எலும்பு நெடுக விரலால் அழுத்திக்கொண்டே வந்தார். பாதத்தில் அழுத்தினால் கத்தவில்லை. மூட்டிலும் இல்லை. எலும்பின் நடுவில் அழுத்தினால் கத்தினாள். ஒரு காலில் மட்டுமல்ல, எல்லாக் காலிலும்.

"பெரிய நாய் ஏதாவது நொண்டுதா?"

"ஒண்ணுகூட இல்ல" என்றார் மேனேஜர்.

"குட்டிங்க மட்டும். இதுங்க என்ன சாப்பிடுது?"

மேனேஜர் முகம் மலர்ந்தது. என் அடுப்பண்டை கூட்டிவந்து மூடியைத் திறந்தார். "பாருங்க டாக்டர். எலும்பே இல்லாத கறி. மனுசனுக்கே கிடைக்காது."

டாக்டர் பானையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "பாலு?"

"கிடையாதுங்க" என்றேன்.

"எலும்பே போடாம வளர்த்தா, வளர்ற குட்டிக்கு எலும்பு எங்கேர்ந்து வரும்? பெரிய நாய் வளர்ந்து முடிஞ்சாச்சு, தாங்கும். இதுங்க கால் உள்ளே மெலிஞ்சு போயிருக்கு. நடக்க வைச்சா உடையும்."

"துண்டுக் கறி துன்னா நொண்டுமா சார்?" என்று மேனேஜரை முந்திக்கொண்டு கோவிந்தன்தான் கேட்டார். கேலியாக இல்லை. நம்ப முடியாமல்.

எனக்கும் நம்ப முடியவில்லை. யோசித்துப் பாருங்கள், எங்களில் யாருக்கு அது தோன்றியிருக்கும்? கறியையே தீபாவளிக்குத் தீபாவளி பார்க்கிறவர்கள் நாங்கள். எங்கள் எல்லோரையும்விட நன்றாகச் சாப்பிடுகிற குட்டி, சாப்பாட்டால்தான் நோகிறது என்றால் எப்படித் தோன்றும்? பசித்தவனுக்குச் சாப்பாட்டின் மேல் சந்தேகமே வராது. எங்களுக்குத் தோன்றாதது நியாயம். ஆனால் மூன்று வேளையும் சாப்பிட்டு, நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் ஏன் கேட்கவில்லை? யார் அடித்தது என்று கேட்ட வாய்க்கு, என்ன தின்றது என்று கேட்க என்ன கேடு? ஒரே ஒரு கேள்வி. அது என் அடுப்பைத் தாண்டிப் போக வேண்டிய கேள்விகூட இல்லை.

டாக்டர் எலும்புத் தூளும் பாலும் எழுதிக் கொடுத்தார். குட்டிகளை நடக்க விடாமல் அடைத்து வைக்கச் சொன்னார். எலும்புத் தூள் மூட்டையில் வந்து இறங்கியது. எங்கிருந்து என்கிறீர்கள்? அதே மில்லிலிருந்துதான். நம் கறியிலிருந்து பிரிந்து போன எலும்பு, ஊரைச் சுற்றிக்கொண்டு என் பானைக்கே திரும்பி வந்தது. மூட்டையைப் பிரித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் அடுப்பைப் பார்த்து அழுதேன். புகை என்று சொல்லிக்கொண்டேன்.

கொஞ்சம் கொஞ்சமாகச் சிட்டு ஊன்ற ஆரம்பித்தாள். அவள் நேராக நடந்த நாளில், காலையில் எல்லோரும் வரிசையில் நிற்கும்போது, நான் அகப்பையோடு வெளியே வந்து மேனேஜர் முன்னால் நின்றேன்.

"சார், எங்க அண்ணன் இந்தக் குட்டிய அடிக்கலன்னு சொல்லுங்க."

"இன்னாம்மா இது? அது எப்பவோ முடிஞ்சுபோன விஷயம்."

"உங்களுக்கு முடிஞ்சிருக்கும். எல்லார் முன்னாலயும் போகச் சொன்னீங்க இல்ல? எல்லார் முன்னாலயும் சொல்லுங்க."

கோவிந்தன் வரிசையை விட்டு வந்தார். "அந்தக் கல்லு நான் வெச்சது சார். ஏழுமலை வாணாம்னுதான் சொன்னான். என்ன அனுப்புறதா இருந்தா அனுப்புங்க."

மேனேஜர் அவரை அனுப்பவில்லை. ஆள் குறைவு. என்னைப் பார்த்து, "செத்தவனுக்கு நற்சாட்சிப் பத்திரம் கேக்கறியா? போய் அடுப்பைப் பாரு" என்றார்.

கடைசி வரைக்கும் சொல்லவில்லை. சண்டை முடிந்தது, கன்ட்ராக்ட் கை மாறியது, அவர் போய்விட்டார். போவதற்கு முன் ஒரு துரைக்குச் சிட்டுவை நடத்திக் காட்டி, எவ்வளவு நேர்த்தியான கால்கள் என்று பெருமையடித்ததை மட்டும் பார்த்தேன். கோவிந்தன் ஒரு ஞாயிற்றுக்கிழமை சேக்காட்டுக்கு வந்து, ரேஷன் கடை வரிசையில் நின்று, நடந்ததைச் சத்தமாகச் சொன்னார். ராஜம்மா உச்சுக்கொட்டினாள். "அட பாவமே, யாருக்குத் தெரியும்" என்றாள். அவ்வளவுதான். தெரியாமல்தானே அன்றைக்கும் பேசினாள்?

ஆகவே உங்களுக்குச் சொல்கிறேன். உங்கள் நாய் நொண்டினால் மறைக்காதீர்கள், ஓட்டாதீர்கள். நொண்டவிட்டே என் அடுப்பண்டை கூட்டிவாருங்கள். எந்தக் கால், எப்போதிலிருந்து, வேறு எது நொண்டுகிறது, என்ன தின்றது என்று நான் கேட்பேன். தெரியாவிட்டால் அந்த டாக்டருக்கு ஆள் அனுப்புவோம். யார் அடித்தது என்று எவராவது முதலில் கேட்டால், அகப்பையோடு நான் வருவேன். புது மேனேஜரும் இதைப் படிக்கட்டும்.

சிட்டு இப்போது வளர்ந்துவிட்டாள். இரண்டு காதும் நிமிர்ந்துவிட்டன. நாளை காலை விசில் ஊதும்போது அவளைப் பாருங்கள். மற்ற நாய்கள் எழுந்து நிற்கும். அவள் உட்கார்ந்து இடது முன்காலை நீட்டுவாள். எல்லோரும் அந்தக் காலைத்தானே தேடினார்கள், இன்னும் தேடுவார்கள் என்று நினைக்கிறாள். புதியவர்கள் பார்த்தால் சிரிப்பார்கள். சிரியுங்கள், பரவாயில்லை. ஆனால் பக்கத்தில் நிற்பவன் ஏன் இப்படி என்று கேட்டால், தெரியாது என்று சொல்லாதீர்கள். ஏழுமலை என்று ஒருவன் இவளை வளர்த்தான், அவன் இவளை அடிக்கவில்லை என்று சொல்லுங்கள்.